ஊற்றும் புல்வெளியும்

தம்பியின் வீட்டிலிருந்து அந்தப் பூங்காவுக்கு காரில் பதினைந்து நிமிடம்தான். இரவு வீட்டில் ஹீட்டர் போட்டுத் தூங்கிவிட்டு, காலையில் சூடாகக் காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கலாம். தம்பி மனைவி அதைத்தான் சொன்னார். நானும் மனதுக்குள் ஆமோதித்தேன். ஆனால் ஒன்பது வயது மகள் விடவில்லை. "கூடாரத்துல படுத்தாத்தான் பெரியப்பா காலைல முதல்ல பார்க்க முடியும்" என்றாள். ஆக, ஃப்ளாரிடா மாநிலத்தின் டெல்டோனா என்ற ஊரில் நல்ல கூரையுள்ள வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு ஜனவரி மாதச் சனிக்கிழமை மாலை நாங்கள் நான்கு பேரும் ப்ளூ ஸ்ப்ரிங் பூங்காவின் மணல் தரையில் கூடாரத்தின் முளைகளை அடித்துக்கொண்டிருந்தோம்.

ஃப்ளாரிடா என்றதும் வெயிலும் கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். அன்றிரவு வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. இரண்டு ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் போட்டும் பல் தந்தியடித்தது. நடு இரவில் வெளியே சரசரவென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், முகமூடி போட்ட திருடன் போலக் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ள ஒரு ரக்கூன், நாங்கள் மறந்துபோய் மேஜையில் விட்டிருந்த பிஸ்கட் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் பிரித்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்தைக் கண்டு ஓடவில்லை. பிஸ்கட்டை முடித்துவிட்டுத்தான் போயிற்று. தின்பண்டத்தை காருக்குள் பூட்டி வையுங்கள் என்று வாசலிலேயே எச்சரித்திருந்தார்கள். அமெரிக்கப் பூங்காக்களில் எச்சரிக்கைப் பலகைகள் சம்பிரதாயத்துக்கு எழுதப்படுவதில்லை என்று அறிந்துகொண்டேன்.

அந்தக் குளிருக்காகத்தான் போனோம் என்பதுதான் விஷயம். குளிர் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ, அந்த ஊற்றுக்கு அவ்வளவு விருந்தாளிகள் வருவார்கள்.

ஊற்று என்ற சொல்லைக் கேட்டு நம்மவர்கள் வேறொன்றைக் கற்பனை செய்துவிடக் கூடாது. வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டி, கசிந்து சேரும் நீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்களே, அதுதான் நமக்கு ஊற்று. ப்ளூ ஸ்ப்ரிங்கில் பூமிக்குள்ளிருந்து ஓர் ஆறே புறப்படுகிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் 38 கோடி லிட்டர். சுண்ணாம்புப் பாறையின் ஒரு பிளவு, கீழே முப்பது மீட்டருக்கு மேல் ஆழம், அதன் வாயிலிருந்து நீலமும் பச்சையும் கலந்த நீர் மேலே பொங்கி வருகிறது. முக்கால் கிலோமீட்டருக்கும் குறைவான தூரம் ஓடையாக ஓடி செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் கலந்துவிடுகிறது. ஓடை கண்ணாடி. ஆறோ இலைச் சாறு ஊறி, டிகாக்ஷன் நிறத்தில் கறுத்துக் கிடக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு தெரிகிறது.

இந்த நீரின் விசேஷம் அதன் அளவு மட்டுமல்ல. கோடையோ குளிரோ, வருஷம் முழுவதும் அது சுமார் 22, 23 டிகிரியிலேயே இருக்கிறது. இதில் மாயம் ஒன்றுமில்லை. மார்கழி விடியற்காலையில் கிணற்றிலிருந்து இறைத்த நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரையில் அதே கிணற்று நீர் குளுகுளுவென்றிருக்கும். நீர் மாறுவதில்லை, நம் தோல்தான் மாறுகிறது. பூமிக்குள் ஆழத்தில் வெப்பம் அந்த வட்டாரத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கிறது. பல வருஷங்களுக்கு முன் பெய்த மழை மணலில் இறங்கி, சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளில் தங்கி, நிதானமாக இந்த வாயில் வந்து எட்டிப் பார்க்கிறது.

காலை எட்டு மணிக்குத்தான் பூங்காவின் வாசல் திறக்கும். குளிர் வார இறுதிகளில் அதற்கு முன்பே சாலையில் கார்கள் வரிசை கட்டிவிடும். இடம் நிரம்பியதும் கதவைச் சாத்திவிடுவார்கள். கூடாரக்காரர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் இந்தச் சங்கடம் இல்லை. குழந்தை சொன்னது சரிதான். மணற்காட்டுப் பைன் மரங்களினூடே நடந்தோம். ஃப்ளாரிடாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஸ்க்ரப் ஜே என்ற நீலப் பறவை இத்தகைய புதர்க்காட்டில்தான் வாழ்கிறது. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருடனேயே தங்கி, தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும் கூட்டுக் குடும்பப் பறவை. எங்கள் கண்ணில் படவில்லை. ஓடைக்கரையில் ஒரு பெருநாரை மட்டும் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றிருந்தது.

மரப்பலகைப் பாதையின் முடிவில் பார்வை மேடை. ஓடையின் மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. மணல் தரையில் பெரிய சாம்பல் நிறப் பாறைகள் கிடப்பது போலிருந்தது. பிறகு ஒரு பாறை மேலே மிதந்து வந்தது. இரண்டு நாசித் துளைகள் நீருக்கு மேல் திறந்து, 'புஸ்' என்று மூச்சு விட்டு மூடிக்கொண்டன. அதற்கப்புறம் எங்கு பார்த்தாலும் அவைதான். அடுக்கடுக்காக, உரசிக்கொண்டு, தாயின் பக்கவாட்டில் ஒட்டிய குட்டிகளுடன். 'புஸ்', 'புஸ்' என்ற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. மேடையில் கூடியிருந்த ஐம்பது அறுபது பேரும்கூடக் கோயிலுக்குள் பேசுவது போலத் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள்.

இவற்றுக்கு ஆங்கிலத்தில் மானட்டி என்று பெயர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு இங்கே ஒரு சங்கடம். மானட்டி என்று எழுதினால் அச்சில் 'மாநாட்டில்' என்று திருத்திவிடும் அபாயம் உண்டு. அகராதியைப் பார்த்துக் 'கடற்பசு' என்று எழுதலாம். ஆனால் கடலிலிருந்து ஆற்றின் வழியாக வெகுதூரம் உள்ளே, நல்ல தண்ணீரில், மரத்தடியில் படுத்திருப்பதைக் கடற்பசு என்பது எப்படி? மேலும் பசுவுக்கும் இதற்கும் உறவில்லை. நெருங்கிய சொந்தம் யானைதான். துடுப்புக் கையின் நுனியில் யானைக்கால் நகம் போலவே நகங்கள் இருக்கின்றன. மேலுதடு இரண்டாகப் பிரிந்து, குட்டித் தும்பிக்கை போல் புல்லைப் பற்றுகிறது. வளர்ந்த ஒன்றின் நீளம் மூன்று மீட்டர், எடை அரை டன் அளவு. 1493இல் கரீபியக் கடலில் இவற்றைக் கண்ட கொலம்பஸ், கடற்கன்னிகள் சித்திரத்தில் உள்ள அளவுக்கு அழகாக இல்லை என்று குறித்துவைத்தார். பாவம், நீண்ட கடற்பயணம்.

நம் பாக் நீரிணையில் உள்ளது இதன் ஒன்றுவிட்ட சகோதரம். மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். என் காதுக்கு அகராதிச் சொல்லைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆவுளியா நன்னீருக்கு வராது. கடற்புல்லை மேய்ந்து கடலிலேயே வாழ்வது. பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் கடல் ஆகியவற்றில் மொத்தமாகச் சில நூறுதான் எஞ்சியிருக்கும் என்கிறார்கள். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவிக்கும் மீனவர்களுக்குச் சன்மானமும் உண்டு. ஆனால் மேடையில் நின்று ஆவுளியாக்களை எண்ண முடியாது. கலங்கிய கடலில் அவை எங்கே இருக்கின்றன என்பதே பாதிப் புதிர்.

மானட்டி விஷயத்தில் எண்ணுவதுதான் முதலில் நடந்தது. பருமனான உடம்பாக இருந்தாலும் இதற்குக் குளிர் ஆகாது. திமிங்கிலத்துக்கு உள்ளதுபோல் கனத்த கொழுப்புப் போர்வை கிடையாது. நீர் 20 டிகிரிக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் நோய் கண்டு இறந்துவிடும். ஆகவே நவம்பர் மத்தியில் ஆறு குளிரத் தொடங்கியதும் ஊற்றுக்கு வந்துவிடுகிறது, மார்ச் வரை வந்து போய்க்கொண்டிருக்கிறது. ஊற்றோடையில் தின்ன ஒன்றுமில்லை. வெயில் ஏறிய பிறகு ஆற்றுக்குப் போய் மேய்ந்துவிட்டுத் திரும்பும். நம் ஏரிகளை நாசமாக்கிய அதே ஆகாயத்தாமரை செயின்ட் ஜான்ஸ் ஆற்றிலும் மண்டிக் கிடந்ததுண்டு, அதையும் தின்னும். விடியற்காலையில் எல்லாம் ஒரே இடத்தில், கண்ணாடி நீரில் படுத்திருப்பதால் எண்ணுவது சாத்தியமாகிறது.

1970இல் வுடி ஹார்ட்மன் என்ற ஆய்வாளரும், கடல் படங்களால் உலகப் புகழ் பெற்ற ழாக் கூஸ்தோவின் குழுவினரும் இங்கே வந்தபோது தென்பட்டவை 14 அளவில்தான். கூஸ்தோவின் படம் 1972இல் தொலைக்காட்சியில் வந்தது. அந்த ஆண்டிலேயே மாநில அரசு நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கியது. ஒரு காலத்தில் அது தர்ஸ்பி என்ற குடும்பம் 1856இல் வாங்கிய ஆரஞ்சுத் தோட்டம்; நீராவிப் படகுத் துறை. 1894-95இன் கடும் உறைபனி அந்தப் பக்கத்து ஆரஞ்சு மரங்களைத் தீர்த்துக்கட்டியது. 1872இல் கட்டிய வீடு இன்னும் ஒரு மேட்டின் மீது நிற்கிறது. மேடு என்பது அந்த நிலத்தின் ஆதிவாசிகள் தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட நத்தை ஓடுகள்.

வேன் ஹார்ட்லி என்ற பூங்கா ரேஞ்சர் 1980 முதல் பல பத்தாண்டுகள் குளிர்காலக் காலைகளில் தனியாக ஒரு சிறு படகில் ஓடையில் போய் எண்ணினார். ஓய்வு பெற்ற பிறகும் மானட்டி பாதுகாப்புச் சங்கத்துக்காக அதே வேலையைச் செய்தார். தலைகளை எண்ணுவதோடு நில்லாமல் ஆளை அடையாளம் கண்டார். எதை வைத்து? வடுக்களை வைத்து. மோட்டார் படகின் விசிறி முதுகில் இழுத்த கோடுகள், வாலில் கடித்தெடுத்தது போன்ற வெட்டு. மானட்டியின் வெற்று உருவம் அச்சிட்ட தாளில் ஒவ்வொரு வடுவையும் வரைந்து, பெயர் வைத்து, ஆண்டுக்காண்டு ஒப்பிட்டார். மெர்லின் என்ற ஆண் 1970களின் தொடக்கத்திலிருந்தே பதிவேட்டில் இருந்தவன். காயம் படாத மானட்டியை இப்படிப் பதிவேட்டில் சேர்ப்பது கடினம். பெயர் வேண்டுமானால் முதலில் அடிபட வேண்டும். என் தம்பி மகள் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. விசிறிக் கோடுகளாவது கண்ணுக்குத் தெரிகின்றன. படகின் அடிப்பாகம் மோதி உள்ளெலும்பு நொறுங்கிச் சாகிறவையும் ஏராளம்.

சட்டங்கள் வந்தன. படகுகளுக்கு வேக வரம்பு வந்தது. இந்த ஓடையைப் பொறுத்தமட்டில், நவம்பர் மத்தியிலிருந்து மார்ச் கடைசி வரை மனிதர்கள் நீரில் இறங்கக் கூடாது: நீச்சல், படகு, முக்குளிப்பு எதுவும் கிடையாது. கோடையில் இதே ஓடையில் ரப்பர் வளையங்களில் மிதந்து கூத்தடிக்கும் ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் மேடையில் நின்று பார்ப்பதோடு சரி. காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் நாலரை மாதம் தண்ணீரைத் தொட முடியாது என்பதை ஒரு பூங்கா கறாராகச் செயல்படுத்தியிருக்கிறது. நம் ஊர்ச் சுனை ஒன்றில் இப்படி ஒரு பலகை வைத்தால் அதன் கதி என்னாகும் என்று எண்ணிப் பார்த்தேன். 2024 ஜனவரியில் ஒரே காலையில் 900க்கும் மேல் எண்ணப்பட்டன. அன்று நாங்கள் நின்ற மேடையருகே பலகையில் எழுதப்பட்டிருந்த எண்ணும் மூன்று இலக்கம்.

இத்தோடு சுபம் போட்டுவிட முடிந்தால் நன்றாயிருக்கும்.

2021இல் மட்டும் ஃப்ளாரிடாவில் 1,100 மானட்டிகள் இறந்தன. முக்கியக் காரணம் படகு அல்ல, பசி. கிழக்குக் கடலோரத்தில் இந்தியன் ரிவர் என்று ஒரு நீண்ட காயல் இருக்கிறது. (நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) வீடுகளின் கழிவும் வயல், புல்வெளி உரமும் அதில் சேர்ந்து பாசி பெருகி, வெளிச்சம் மறைந்து, கடற்புல் செத்துவிட்டது. அருகிலுள்ள மின் நிலையத்தின் வெந்நீர்க் கால்வாய்க்குக் குளிர்காயப் போனவை தின்னப் புல்லின்றி அங்கேயே மெலிந்து விழுந்தன. அடுத்த குளிர்காலத்தில் அதிகாரிகள் வழக்கத்துக்கு மாறாக லெட்டூஸ் கீரையை வீசி ஊட்டினார்கள், 90 டன்னுக்கு மேல். அமெரிக்க அரசு 2017இல்தான் இந்த இனத்தை 'அழியும் அபாயம்' என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தது.

ஃப்ளாரிடா மானட்டிகளில் பாதிக்கு மேல் குளிர்காலத்துக்கு நம்பியிருப்பது இப்படிப்பட்ட மின் நிலையங்களின் கழிவு வெந்நீரைத்தான். பழைய நிலையங்கள் ஒரு நாள் மூடப்படும். அப்போது எஞ்சுவது இயற்கை ஊற்றுகள். ஆக, கேள்வி இப்போது மானட்டியைப் பற்றியதல்ல, நீரைப் பற்றியது.

ஊற்றின் வேகம் குறைந்தால் என்ன ஆகும்? ஆற்றின் கறுத்த குளிர்நீர் ஓடைக்குள் புகுந்துவிடும். நான் சொன்ன அந்தக் கோடு மேலே மேலே நகரும். வெதுவெதுப்பான இடம் சுருங்கும். அதற்காக 2006இல் அந்த வட்டாரத்தின் நீர் மேலாண்மை அமைப்பு ஓர் அட்டவணை வகுத்தது. ஊற்றில் சராசரியாக விநாடிக்கு 133 கன அடி நீராவது வர வேண்டும். படிப்படியாக உயர்ந்து 2024இல் அது 157 கன அடியாக இருக்க வேண்டும். மானட்டிகள் பெருகப் பெருக அவை படுக்கும் இடமும் பெருக வேண்டும் என்ற கணக்கு. மேட்டூர் அணையின் நீர்வரத்து ஆயிரக்கணக்கான கன அடியில் ஏறி இறங்குவதைத் தினமும் பேப்பரில் படிக்கிற நமக்கு 157 அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மிருகம் படுத்துறங்க எத்தனை கன அடி வேண்டும் என்று கணக்கிட்டு, அதை விதியாக எழுதிவைத்த வேறொரு உதாரணத்தை நான் அறியேன்.

விதி எழுதுவது சுலபம். நீர் எங்கிருந்து வருகிறது? சுற்றியுள்ள டிலேண்ட், ஆரஞ்சு சிட்டி, டெல்டோனா ஆகிய ஊர்களின் தரைக்கடியிலிருந்து. அந்த ஊர்களின் குழாயில் வருவதும் அதே நிலத்தடி நீர்தான். டெல்டோனா 1960களில் மனை மனையாக வெட்டி விற்கப்பட்ட ஊர். பாதாளச் சாக்கடை எட்டாத வீடுகளில் செப்டிக் டேங்க். அவற்றிலிருந்து இறங்கும் நைட்ரேட்தான் ஊற்றை மாசுபடுத்துவதில் பெரும் பங்கு வகிக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரைப் புல்வெளிகளுக்குக் கொடுப்பது, மண்ணுக்குள் மீண்டும் இறக்குவது என்று ஊராட்சிகள் திட்டம் போட்டிருக்கின்றன. வேலை நடக்கிறது, செலவும் ஆகிறது.

இதையெல்லாம் தகவல் பலகைகளில் படித்துக்கொண்டே தம்பி மெதுவாகச் சொன்னான். "அண்ணா, நம்ம வீட்லயும் செப்டிக் டேங்க்தான்." அவன் மகளின் அறைச் சுவர் முழுவதும் மானட்டிப் படம். பிறந்த நாள் பரிசாகச் சங்கத்துக்குப் பணம் கட்டி ஒரு மானட்டியைத் தத்தும் எடுத்திருக்கிறாள். அந்த வீட்டின் குளியலறை நீர் ஊற்றுக்குத்தான் போகிறது என்று அவளிடம் யார் சொல்வது? அவளே படித்துவிட்டாள். ஆங்கிலம் என்னைவிட வேகமாகப் படிப்பாள்.

மேய்ச்சலுக்குப் போனவை திரும்புவதைப் பார்க்க மாலை வரை காத்திருந்தோம். வெயில் நன்றாக ஏறியிருந்ததால் அவற்றுக்கு அவசரமில்லை போலும். மூன்று நான்குதான் ஆற்றிலிருந்து கோட்டைத் தாண்டி உள்ளே வந்தன. ஒன்றின் முதுகில் தொட்டி மீன்கள் சில ஒட்டிக்கொண்டிருந்தன, யாரோ மீன்தொட்டியிலிருந்து ஆற்றில் விட்ட தென்னமெரிக்கச் சக்கர் மீனின் சந்ததி. மானட்டியின் தோலிலுள்ள பாசியைச் சுரண்டித் தின்பவை. அது உடம்பை உருட்டி உதற முயன்றது, அவை விடவில்லை. இதே மீன் நம் சென்னை ஏரிகளிலும் கொல்கத்தாவின் சதுப்புக் குட்டைகளிலும் பெருகிவிட்டது.

நாலரை மணிக்குக் கிளம்பினோம். டெல்டோனாவின் தெருக்கள் ஞாயிற்றுக்கிழமை அமைதியில் இருந்தன. குளிர்காலத்தில் அங்கே புல்வெளிக்கு வாரம் ஒரு நாள்தான் தண்ணீர் விடலாம். ஒற்றைப்படை இலக்க வீடுகளுக்குச் சனி, இரட்டைப்படைக்கு ஞாயிறு. அதுவும் காலை பத்துக்கு முன், அல்லது மாலை நாலுக்குப் பின். தெருவில் பல வீடுகளின் முன்னே தெளிப்பான்கள் சுழன்றுகொண்டிருந்தன. தம்பி வீட்டு எண் இரட்டைப்படை. யாரும் இல்லாத வீட்டின் முன்னால் டைமர் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. பாதி நீர் சிமெண்ட் பாதையில் விழுந்து தெருவோரம் ஓடியது.

கூடாரத்தைக் கூட இறக்காமல் மகள் முதலில் கேட்டது அந்தப் பெட்டியின் சாவியைத்தான். தம்பி சட்டைப் பையைத் தடவினான். அது சுவரில் பதித்த பெட்டி, வீடு வாங்கியபோது முந்தைய உரிமையாளர் நேரம் வைத்துவிட்டுப் போனது, ஐந்து வருஷமாக யாரும் திறந்ததில்லை. புல் பழுத்தால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வரும் என்று தம்பி மனைவி நினைவூட்டினார். சாவி சமையலறை இழுப்பறையில், பழைய பாட்டரிகளுக்கு அடியில் கிடைத்தது. அதற்குள் அன்றைய முறை முடிந்து தெளிப்பான்கள் தாமே நின்றிருந்தன. தம்பி பெட்டியைத் திறந்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றான்.